செடி சந்தேகம்: ஒகாமே செர்ரி

பூச்செர்ரி பற்றி வந்த கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. அவற்றில் பாதிக்கு மேல் ஒகாமே என்ற கலப்பினத்தைச் சுற்றியே இருப்பதால், இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். இங்கே வரும் மாதக் கணக்கு வட அரைக்கோளத்துக்கானது. தென் அரைக்கோளத்தில் இருப்பவர்கள் ஆறு மாதம் தள்ளி வைத்துப் படியுங்கள்.

கே: ஒகாமே என்பது ஜப்பானியப் பெயர். ஆனால் நாற்றுப்பண்ணையில் "இது இங்கிலாந்துக் கலப்பு" என்கிறார்கள். எது சரி?

ப: இரண்டும் சரிதான். பெற்றோர் இருவரும் ஆசியாவைச் சேர்ந்தவர்கள், கல்யாணம் நடந்தது இங்கிலாந்தில். கென்ட் மாவட்டத்துப் பெனன்டனில் தோட்டம் வைத்திருந்த காலிங்வுட் இங்கிராம் (1880–1981) உருவாக்கிய மரம் இது. செர்ரி மரங்களிடம் அவருக்கு இருந்த ஈடுபாட்டால் 'செர்ரி இங்கிராம்' என்றே அவருக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

பெற்றோரில் ஒன்று தைவான் செர்ரி, தாவரவியல் பெயர் புரூனஸ் கேம்பானுலாட்டா. மணி போலத் தலைகவிழ்ந்து தொங்கும் அடர்சிவப்புப் பூ. மற்ற செர்ரிகளெல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும்போதே பூத்துவிடும். ஆனால் கடுங்குளிர் அதற்கு ஆகாது. இன்னொன்று ஃபுஜி செர்ரி, புரூனஸ் இன்சிசா. ஃபுஜி மலை வட்டாரத்துக் குறுமரம். வெள்ளையோ வெளிர் இளஞ்சிவப்போ பூக்கும், குளிரை நன்றாகத் தாங்கும். இலை விளிம்பில் ஆழமாகப் பல் வெட்டியிருப்பதால்தான் 'நறுக்கப்பட்ட' என்ற பொருளில் இன்சிசா என்ற பெயர். நிறத்தையும் முந்திப் பூக்கும் குணத்தையும் முதலாமதிடமிருந்தும், உறுதியையும் அடக்கமான உருவத்தையும் இரண்டாமதிடமிருந்தும் ஒகாமே வாங்கிக்கொண்டது. பிப்ரவரிக் கடைசியிலோ மார்ச்சிலோ, இலை வருவதற்கு முன்பே, கிளை முழுக்க ஐந்திதழ்ப் பூக்கள் வந்துவிடும். இதழ் இளஞ்சிவப்பு, புல்லிவட்டமும் பூக்காம்பும் செம்பழுப்பு. இதழ் உதிர்ந்த பிறகும் சில நாள் மரம் சிவந்தே தெரிவது அதனால்தான். இலையுதிர்காலத்தில் மஞ்சளும் ஆரஞ்சுமாக இன்னொரு முறை நிறம் காட்டும். பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி தோட்டத் தகுதிக்காக வழங்கும் விருதையும் பெற்ற வகை.

ஜப்பானில் ஒகாமே என்பது உப்பிய கன்னங்களுடன் சிரிக்கும் ஒரு பெண் முகமூடியின் பெயர். நிறையப் பூத்து நிற்கும் மரத்தைப் பார்த்தால் பொருத்தமான பெயர் என்றே தோன்றும்.

கே: ஒகாமே, குர்சார், அக்கோலேட், சோமெய் யோஷினோ நான்கும் கிடைக்கின்றன. எங்கள் பின்தோட்டம் 8 மீட்டருக்கு 10 மீட்டர். எதை வாங்கலாம்?

ப: ஒகாமேயை வாங்குங்கள். வளர்ந்து முடிந்த மரம் 6 முதல் 8 மீட்டர் உயரம் வரும், அகலம் ஏறத்தாழ 6 மீட்டர். இளமையில் பூச்சாடி போல மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும், வயதாக ஆகத்தான் விரியும். அதனால் முதல் பத்து வருடம் கீழே நடமாட இடம் இருக்கும்.

சோமெய் யோஷினோ உங்கள் இடத்துக்கு ஆகவே ஆகாது. உலகப் புகழ் பெற்ற மரம்தான். 1912இல் டோக்கியோவிலிருந்து வாஷிங்டனுக்குப் போன மூவாயிரத்துச் சொச்சம் மரங்களில் பெரும்பகுதி அதுவே. ஆனால் 10 மீட்டருக்கு மேல் உயர்ந்து, அதைவிட அகலமாகக் கை விரிக்கும். அதை வெட்டி வெட்டி அடக்கப் பார்ப்பவர்கள்தான் கீழே சொல்லப்போகும் பிசின் வடிதலை விலைகொடுத்து வாங்குகிறார்கள். அக்கோலேட், சார்ஜென்ட் செர்ரியின் வழிவந்தது. பாதி அடுக்குப் பூ, மிக அழகு, ஏப்ரலில் பூக்கும். ஆனால் அதுவும் பக்கவாட்டில் 8 மீட்டர் கேட்கும். குர்சார் உருவத்தில் ஒகாமேக்குச் சமம், நிறம் இன்னும் அழுத்தம். அதுவும் இங்கிராமின் கலப்புதான். 'குர்' என்பது குரில் செர்ரி, 'சார்' என்பது சார்ஜென்ட்டி என்று பெற்றோர் பெயரைச் சேர்த்து வைத்தார். பிறகுதான் இரண்டாவது பெற்றோர் சார்ஜென்ட் செர்ரி இல்லை, தைவான் செர்ரி என்று தெரிந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. ஒகாமே கிடைக்காவிட்டால் குர்சாரைத் தயங்காமல் வாங்கலாம்.

எதை வாங்கினாலும் வீட்டுச் சுவரிலிருந்து 4 மீட்டராவது தள்ளி நடுங்கள். செர்ரி வேர் மேலாக ஓடும். பாவுகல் பதித்த நடைபாதை அருகில் இருந்தால் பத்து வருடத்தில் கல்லைத் தூக்கிவிடும்.

கே: எங்கள் ஊரில் மிகக் குளிர்ந்த இரவிலும் 20 டிகிரிக்குக் கீழே போவதில்லை. ஒகாமே குளிர் குறைவாகக் கேட்கும் வகை என்று சொல்லி விற்கிறார்கள். நடலாமா?

ப: வேண்டாம். 'குறைவாகக் கேட்கும்' என்பது மற்ற செர்ரிகளோடு ஒப்பிட்டுச் சொல்வது. செர்ரி மொட்டு கோடையிலேயே உருவாகி, இலையுதிர்காலத்தில் உறக்கத்துக்குப் போகிறது. அந்த உறக்கம் கலைய, ஏறத்தாழ 0 முதல் 7 டிகிரி வரையிலான குளிரில் அது பல நூறு மணி நேரம் இருந்தாக வேண்டும். அந்தக் கணக்கு முடியாமல் வெயில் எவ்வளவு அடித்தாலும் மொட்டு ஒழுங்காக விழிக்காது. 20 டிகிரிக்கு இறங்காத ஊரில் இந்தக் கணக்கு தொடங்குவதே இல்லை. கிளை நுனியில் மட்டும் நாலு இலை, நடுவில் மொட்டை, பூ இல்லை, இரண்டு மூன்று வருடத்தில் பட்டுப்போகும். மரத்தைப் பட்டினி போடுவது மாதிரிதான் அது.

இலையில்லாத கிளையில் இளஞ்சிவப்பாகப் பூத்துக் குலுங்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், வெப்ப நாட்டு மரமான டபெபுயா ரோசியா அதை நிறைவேற்றும். அதற்கு வேண்டியது குளிரல்ல, ஒரு வறட்சிக் காலம்.

மறுமுனையில், ஒகாமே மைனஸ் 20 டிகிரி வரை கட்டையில் சேதமில்லாமல் தாங்கும்.

கே: மரம் நட்டு ஒரு வருடம் நன்றாக இருந்தது. இரண்டாவது வசந்தத்தில் பூத்தது, இலை விட்டது, ஜூனில் ஒரே வாரத்தில் வாடி நின்றுவிட்டது. தண்ணீர் தினமும் ஊற்றினோம். களிமண் நிலம். குழி ஆழமாக வெட்டி, அடியில் ஜல்லி போட்டு, நல்ல தொட்டிமண் நிரப்பித்தான் நட்டோம். எங்கே தவறு?

ப: நீங்கள் அக்கறையோடு செய்த மூன்றும் சேர்ந்துதான் மரத்தை மூழ்கடித்திருக்கின்றன. செர்ரி குளிரில் சாவதைவிட வேரில் தேங்கும் நீரில் சாவதுதான் அதிகம். எனவே இந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

களிமண்ணில் ஆழக்குழி வெட்டி இளகிய மண்ணை நிரப்பினால், நீங்கள் செய்திருப்பது நிலத்துக்குள் ஒரு தொட்டி. சுற்றியுள்ள களி தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். குழி மண் உடனே குடிக்கும். மழைநீரெல்லாம் குழிக்குள் வந்து நிற்கும். அடியில் போட்ட ஜல்லி வடிகால் ஆகாது. நுண்மண்ணிலிருந்து பெருங்கல்லுக்கு நீர் எளிதில் இறங்காது, மேல்மண் முழுக்க ஊறி நிரம்பிய பிறகுதான் இறங்கும். ஆகவே ஜல்லிக்குச் சற்று மேலே, சரியாக வேர் இருக்கும் இடத்தில், சேறு நிற்கும்.

சேற்றில் ஆக்சிஜன் இல்லை. எந்த வேரும் திணறும், ஆனால் செர்ரி, பீச், பிளம் அடங்கிய புரூனஸ் இனத்துக்குக் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. அவற்றின் வேரில் சயனைடைப் பிடித்து வைத்திருக்கும் சேர்மங்கள் இருக்கின்றன. காற்றில்லாமல் செல் சிதையும்போது அது ஹைட்ரஜன் சயனைடாக வெளிவந்து வேரையே தாக்கும். அதோடு நீரில் நீந்திப் பரவும் ஃபைட்டோப்தோரா அழுகல் சேர்ந்துகொள்ளும். குளிர்காலம் முழுக்க வேர் அழிந்துகொண்டே வரும், மேலே ஒன்றும் தெரியாது. வசந்தத்தில் கிளையில் சேமித்த சத்தை வைத்து மரம் பூக்கும், இலையும் விடும். ஜூன் வெயிலில் இலை தண்ணீர் கேட்கும், கொடுக்க வேர் இருக்காது. வாடுவதைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுவோம்.

செத்த மரத்தைப் பிடுங்கும்போது வேரைப் பாருங்கள். வேர்ப்பட்டை விரலில் உரித்த வெங்காயத் தோல் மாதிரி வழுக்கிக் கழன்று, உள்ளே கம்பி போல நடுநரம்பு மட்டும் நின்றால் நோய் உறுதி. அதே இடத்தில் மறுபடி செர்ரி வைக்காதீர்கள்.

அடுத்த மரத்துக்கு இடம் தேடும்போது இதைச் செய்யுங்கள். 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. ஆழமுமாக ஒரு குழி. தண்ணீர் நிரப்பி முழுக்க வடிய விடுங்கள், இது மண் ஊறுவதற்கு. உடனே மறுபடி நிரப்பி, குழிக்குக் குறுக்கே ஒரு குச்சி வைத்து, குச்சியிலிருந்து நீர்மட்டம் வரை அளவுகோலால் மணிக்கொரு முறை அளந்து பாருங்கள். மணிக்கு 2.5 செ.மீ.க்கு மேல் இறங்கினால் தரையிலேயே நடலாம். அதற்குக் கீழே என்றால் குழியே வேண்டாம், மேடு போடுங்கள். உங்கள் தோட்டத்து மேல்மண்ணையே குவித்து, 2 மீட்டர் அகலத்தில், 30 முதல் 40 செ.மீ. உயரத்துக்கு. மேட்டின் உச்சியில் வேர்ப்பந்து, அதாவது வேரும் அதைப் பற்றிய மண்ணும், உட்கார வேண்டும், ஓரங்கள் சரிவாகத் தரையில் கலக்க வேண்டும். களியை இளக்குகிறேன் என்று மணல் கலக்காதீர்கள். கொஞ்சம் மணலும் நிறையக் களியும் சேர்ந்தால் செங்கல்தான்.

தண்ணீர்: நட்ட அன்று 20 லிட்டர். பிறகு முதல் இரண்டு கோடைக்கும் மழையில்லாத வாரத்தில் 20 முதல் 25 லிட்டர், ஒரே தடவையாகவோ இரண்டாகப் பிரித்தோ, மெதுவாக. தினமும் ஊற்ற வேண்டியதில்லை. சிறு கரண்டியால் 10 செ.மீ. தோண்டிப் பாருங்கள். அங்கே மண் விரலில் ஈரமாக ஒட்டினால் அன்று விட்டுவிடுங்கள்.

கே: நட்டு மூன்று வருடம். சாகவும் இல்லை, ஒரு அடி கூட வளரவும் இல்லை. இலை வெளிறியே இருக்கிறது. உரம் போட்டும் பயனில்லை.

ப: மரத்தின் அடியைப் பாருங்கள். நல்ல மரம் தரையைத் தொடும் இடத்தில் யானைக்கால் போல விரிந்து வேராக மாறும். உங்கள் மரம் விளக்குக் கம்பம் போல நேராக மண்ணுக்குள் இறங்கினால், ஆழ நட்டிருக்கிறீர்கள். புதைந்த பட்டை மூச்சுவிட முடியாமல் தவிக்கிறது, வேர் காற்று தேடி மேலே ஏறித் தண்டையே சுற்றுகிறது.

மண்வெட்டி வேண்டாம். கையாலும் சிறு கரண்டியாலும் தண்டைச் சுற்றி மண்ணை விலக்குங்கள், முதல் பெரிய வேர் விரியும் இடம் தெரியும் வரை. தண்டை இறுக்கிச் சுற்றும் வேர் சுண்டுவிரல் பருமனுக்குள் இருந்தால் வெட்டி எடுக்கலாம். பெருத்துவிட்டால் ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் வெட்டாமல் இரண்டு வருடமாகப் பிரித்துச் செய்யுங்கள். 5 செ.மீ.க்குள் புதைந்திருந்தால் விலக்கிய மண்ணை அப்படியே சரிவாக்கிவிட்டால் போதும். 10 செ.மீ.க்கு மேல் என்றால், இலை உதிர்ந்த பிறகு மரத்தைக் கிளப்பி உயர்த்தி நடுவதே வழி. மூன்று வயது மரம் அதைத் தாங்கும்.

புதிதாக நடுபவர்களும் குறித்துக்கொள்ளுங்கள். குழி அகலம் வேர்ப்பந்தைப் போல இரண்டு மூன்று மடங்கு, ஆழம் வேர்ப்பந்தின் உயரத்துக்கு மேல் ஒரு விரலும் கூடாது. ஒட்டுக் கட்டிய மரமானால் ஒட்டுப்புடைப்பு மண்ணுக்கு மேல் 5 முதல் 10 செ.மீ. நிற்க வேண்டும். தொட்டியில் சுருண்ட வேரை நான்கு பக்கமும் மேலிருந்து கீழாகக் கத்தியால் கீறிவிடுங்கள். வெட்டிய மண்ணையே திரும்பப் போடுங்கள். தொழுவுரம், கம்போஸ்ட் எதுவானாலும் மேலே மூடாக்காகத்தான், குழிக்குள் இல்லை. மூடாக்கு 5 முதல் 8 செ.மீ. தடிமன், தண்டிலிருந்து ஒரு சாண் விலகி. தாங்குகம்பு மரத்தின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் கட்டினால் போதும், ஒன்றரை வருடத்துக்குள் அவிழ்த்துவிட வேண்டும். அவிழ்க்க மறந்துபோய்த் தண்டில் கயிறு புதைந்த மரங்கள் எத்தனையோ.

கே: ஆப்பிளோடு சேர்த்து ஒகாமேயையும் ஜனவரியில் கவாத்து செய்தேன். பூவும் குறைந்தது, சில கிளைகளில் இலை ஈயம் பூசியது போல மினுங்குகிறது.

ப: ஆப்பிளுக்குச் சரியான மாதம் செர்ரிக்குத் தவறான மாதம். பூ குறைந்ததற்குக் காரணம் எளிது. அடுத்த வருடத்துப் பூமொட்டு முந்தின கோடையிலேயே கிளையில் உட்கார்ந்துவிடுகிறது. ஜனவரியில் வெட்டியது பூவைத்தான்.

மினுங்கும் இலைதான் கவலை. வெள்ளி இலை நோய் என்பார்கள். காண்ட்ரோஸ்டீரியம் பர்பூரியம் என்ற பூஞ்சணம். ஈரமான இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் செத்த கட்டைகளிலிருந்து வித்துகளைப் பரப்பும். அப்போது மரம் தூங்குவதால் வெட்டுக்காயம் ஆறாமல் வாரக்கணக்கில் திறந்திருக்கும், வித்து நேரே கட்டைக்குள் போய்விடும். கோடையில் வெட்டினால் வித்தும் குறைவு, காயமும் சீக்கிரம் மூடும். ஆகவே செர்ரிக்குக் கவாத்து ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதிக்குள், மழையில்லாத நாளில்.

முதலில் நோய் மெய்தானா என்று பாருங்கள். மினுங்கும் கிளையில் கட்டைவிரல் பருமனுள்ள ஒன்றைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தை ஈரப்படுத்துங்கள். நடுக்கட்டையில் காப்பிக்கறை போலப் பழுப்புத் திட்டு தெரிந்தால் நோய். கறையே இல்லை, மரம் முழுக்க ஒரே சமயத்தில் மினுங்குகிறது என்றால் அது பொய் வெள்ளி இலை. தண்ணீர்க் குறைவோ சத்துக் குறைவோ மரத்தை வாட்டியிருக்கும், அதைச் சரிசெய்தால் தேறிவிடும். கறை இருந்தால் கறை மறையும் இடத்துக்கும் 15 செ.மீ. கீழே வரை வெட்டி, வெட்டியதை எரித்துவிடுங்கள். தாய்த்தண்டிலேயே கறை இருந்து, பட்டையில் ஊதா நிறத் தட்டுகள் முளைத்துவிட்டால் மரத்தை எடுத்துவிடுவதுதான் அக்கம்பக்கத்துப் பிளம், செர்ரிகளுக்கு நல்லது.

வெட்டும் இடம்: கிளை தண்டோடு சேரும் இடத்தில் பட்டை சுருங்கிய ஒரு வளையம் இருக்கும். ஆறும் சக்தி முழுவதும் அந்த வளையத்தில். அதை வெட்டாமல், வளையத்தை ஒட்டி வெளிப்பக்கம் வெட்டுங்கள். பருத்த கிளையானால் ஒரே வெட்டாக வேண்டாம், பாதியில் முறிந்து தண்டுப்பட்டையை உரித்துக்கொண்டு விழும். தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி முதலில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழு வெட்டு, மிச்சத் துண்டைக் கடைசியில் வளையத்தருகே. காயத்துக்கு வண்ணமோ தாரோ பூச வேண்டாம், ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும். ஒரு வருடத்தில் மரத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கை வைக்காதீர்கள். உண்மையில் ஒகாமேக்கு வருடாவருடம் கவாத்தே தேவையில்லை. பட்டது, உரசிக்கொள்வது, உள்நோக்கி வளர்வது இந்த மூன்றை மட்டும் எடுத்தால் போதும்.

கே: தண்டில் தேன் நிறத்தில் பிசின் வடிகிறது. மரம் போய்விடுமா?

ப: பிசின் ஒரு நோயின் பெயர் இல்லை, மரம் "எனக்கு அடிபட்டிருக்கிறது" என்று சொல்லும் விதம். அடி எது என்று கண்டுபிடிக்க வேண்டும். கட்டியை நகத்தால் பெயர்த்து எடுத்துவிட்டு, அடியிலுள்ள பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் வெண்மையுமாக ஈரமாக இருந்தால் பழைய காயம் ஒன்று ஆறிக்கொண்டிருக்கிறது, விட்டுவிடலாம்.

பிசினோடு மரத்தூள் கலந்து, தரைக்கு அருகில் வடிந்தால் உள்ளே துளைப்பான் புழு. ஓட்டையைக் கண்டுபிடித்து மெல்லிய கம்பியை உள்ளே விட்டுக் குத்திக் கொல்ல முடியும். தரையை ஒட்டி ஒரே பக்கம் பட்டை நைந்திருந்தால் பூச்சியைத் தேட வேண்டாம், புல்வெட்டி இயந்திரத்தின் வேலை. தண்டைச் சுற்றி 1 மீட்டர் வட்டத்தில் புல்லே இல்லாமல் மூடாக்கு போட்டுவிட்டால் அந்த அடி நிற்கும்.

சுரண்டிய இடம் பழுப்பாக, புளித்த வாடையோடு, சுற்றிலும் பட்டை குழிந்து போயிருந்தால் அது பாக்டீரியாப் புற்று. சூடோமோனாஸ் சிரிஞ்சி என்ற பாக்டீரியா. இலையுதிர்காலத்தில் இலை உதிர்ந்த தழும்பு வழியாகவும், குளிர்கால வெட்டுக்காயம் வழியாகவும் நுழையும். வசந்தத்தில் அந்தக் கிளையில் மொட்டு விரியாது, விரிந்தாலும் இலை சிறுத்து மஞ்சளாகும். வறண்ட கோடை நாளில் நல்ல கட்டை வரும்வரை வெட்டி எடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே கத்தியை 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள். சில நாடுகளில் இலையுதிரும் சமயத்தில் செம்புக் கலவை தெளிப்பார்கள், சில நாடுகளில் வீட்டுத் தோட்டத்துக்கு அதற்கு அனுமதி இல்லை. பாட்டிலில் செர்ரி என்று எழுதியிருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். தழைச்சத்து உரத்தைக் கொட்டி வளர்த்த இளங்கிளையில்தான் இந்த நோய் வேகமாகப் பாய்கிறது. ஒகாமேக்கு வருடத்தில் ஒரு முறை, வசந்தத் தொடக்கத்தில் 3 செ.மீ. கம்போஸ்ட் போர்வையே சாப்பாடு.

கே: மரம் ஏழு வருடமாக இளஞ்சிவப்பாகப் பூத்தது. இந்த முறை பாதி மரம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூ நிறம் மாறிவிட்டதா?

ப: நிறம் மாறவில்லை, வேர்ச்செடி மேலே வந்துவிட்டது. பல நாற்றுப்பண்ணைகள் ஒகாமேயை மஸ்ஸார்ட் என்ற காட்டுச் செர்ரியின் வேரிலோ, கோல்ட் என்ற கலப்பு வேரிலோ ஒட்டுக் கட்டி விற்கின்றன. ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பிய கன்றை ஆரம்பத்தில் கவனிக்காமல் விட்டால், அது ஒகாமேயைவிட வேகமாக வளர்ந்து ஒருநாள் மரத்தையே விழுங்கிவிடும்.

வெள்ளைப் பூக்கும் கிளையைக் கையால் தடவிக்கொண்டே கீழே போங்கள், எங்கே தொடங்குகிறது என்று தெரியும். இலையை வைத்தும் பிரிக்கலாம். காட்டுச் செர்ரி இலை 15 செ.மீ. வரை நீளும், காம்பில் குண்டூசித் தலை அளவில் இரண்டு சிவந்த சுரப்பிகள் பளிச்சென்று நிற்கும். ஒகாமே இலை அதில் பாதிதான், விளிம்பு அரம் போலக் கூர்மையாக இருக்கும். பென்சில் பருமன் வரை உள்ள கன்றுகளை வெட்டாமல், கீழ்நோக்கி இழுத்துக் கிழித்து எடுங்கள். வெட்டினால் அடியிலுள்ள உறங்குமொட்டுகள் ஒன்றுக்கு நான்காகக் கிளம்பும். உங்கள் கிளை அதைத் தாண்டிவிட்டது. ஜூலையில் ரம்பத்தால் தொடக்க இடத்திலேயே வெட்டிவிட்டு, அடுத்த இரண்டு வருடம் அங்கே முளைப்பதையெல்லாம் தளிரிலேயே கிள்ளுங்கள். பாதி மரம் போய்ப் பார்க்க அலங்கோலமாக இருக்கும், மூன்று வருடத்தில் ஒகாமே இடத்தை நிரப்பும்.

கே: அப்படியானால் ஒட்டு இல்லாமல் நாமே கன்று உண்டாக்க முடியாதா? விதை முளைக்குமா?

ப: விதையை மறந்துவிடுங்கள். ஒகாமே பெரும்பாலும் காய்ப்பதே இல்லை. தப்பித்தவறி ஒன்றிரண்டு காய்த்தாலும் முளைப்பது ஒகாமேயாக இருக்காது. ஆனால் செர்ரிகளில் ஒகாமேக்கு ஒரு நல்ல குணம், குச்சியில் வேர் விடும்.

ஜூனில், அந்த வருடத்துத் தளிர் கொஞ்சம் முற்றி, மடக்கினால் 'டக்' என்று ஒடியும் பதத்தில், 10 முதல் 12 செ.மீ. நீளத்தில் காலையில் வெட்டுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டு. மேலே மூன்று இலை மட்டும் இருக்கட்டும். அடியை 0.3 சதவீத ஐபிஏ வேரூக்கிப் பொடியில் தொட்டு, பெர்லைட்டும் தென்னைநார்க் கழிவும் சரிபாதி கலந்த தொட்டியில் பாதியளவு செருகுங்கள். பாலித்தீன் கூடாரம் போட்டு, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் வரும். வந்ததும் ஆசையில் எடுத்து மாற்றி நடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. வேர்விட்ட குச்சி முதல் குளிர்காலத்தைத் தொந்தரவு இல்லாமல் அதே தொட்டியில், கடும் உறைபனி தொடாத இடத்தில் கழிக்க வேண்டும். மொட்டு அசையும் வசந்தத்தில் மாற்றுங்கள். சொந்த வேரில் நிற்கும் மரமானதால் எத்தனை கன்று கிளம்பினாலும் எல்லாம் ஒகாமேதான்.

குச்சியைப் பற்றிப் பேசும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. தாய்ஹாகு என்ற பெரிய வெள்ளைச் செர்ரி ஜப்பானில் அழிந்தே போயிருந்தது. இங்கிலாந்தில் மிஞ்சியிருந்த மரத்தின் ஒட்டுக்குச்சிகளை இங்கிராம் திருப்பி அனுப்பினார். வழியில் காய்ந்தும் அழுகியும் சில முயற்சிகள் வீணாகின. கடைசியில் குச்சியின் அடியை உருளைக்கிழங்கில் குத்தி, சைபீரிய ரயில் பாதையில் அனுப்பியபோது உயிரோடு போய்ச் சேர்ந்தது. அது 1932. தொலைவில் உள்ளவருக்குக் குச்சி அனுப்ப வேண்டியிருந்தால் இன்றைக்கும் அது நல்ல வழி.

கே: மொட்டு சிவந்து பருத்துவிட்டது. இன்றிரவு உறைபனி எச்சரிக்கை. என்ன செய்ய?

ப: மூடிய மொட்டாக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம், தாங்கும். விரிந்த பூதான் மெல்லியது. பழச்செர்ரியில் விரிந்த பூ மைனஸ் 2 டிகிரியில் கொஞ்சமும், மைனஸ் 4 டிகிரியில் பெரும்பாலும் கருகும். சிறு மரமானால் மாலை வெளிச்சம் இருக்கும்போதே தோட்டத்துணியால் தரை வரை மூடுங்கள், நிலத்துச் சூடு உள்ளே தங்கும். காலையில் எடுத்துவிடுங்கள். பெரிய மரத்துக்கு வழி இல்லை. கருகுவது பூ மட்டும்தான், மரத்துக்குச் சேதமில்லை. ஒகாமே எல்லாப் பூவையும் ஒரே நாளில் விரிப்பதும் இல்லை, பின்னால் வரும் மொட்டுகள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். காலை வெயில் முதலில் விழும் கிழக்கு மூலையில் நடாமல் இருப்பது அடுத்த மரத்துக்கு உதவும். உறைந்த இதழ் மெதுவாக உருகினால் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

கே: தளிர் நுனியெல்லாம் சுருண்டு, உள்ளே கறுப்பாக மொய்க்கிறது. எறும்பும் ஏறுகிறது.

ப: கறுப்பு அசுவினி. பார்க்கப் பயமாக இருக்கும், மரத்துக்குப் பெரிய கேடு இல்லை. கன்று மரமானால் சுருண்ட நுனியைக் கிள்ளி எறியுங்கள். பெரிய மரமானால் விட்டுவிடுங்கள், ஜூலைக்குள் அது வேறு செடிக்குப் பறந்துவிடும். பூச்சிமருந்து அடித்தால் அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டும் சேர்ந்து சாகும். பூத்திருக்கும்போது எதையும் தெளிக்கவே கூடாது. குளிர் முடியும் முன் தேனீக்களுக்குக் கிடைக்கும் முதல் தீனிகளில் ஒகாமே ஒன்று.

கே: தொட்டியில் வளர்க்கலாமா?

ப: சில வருடம் வளர்க்கலாம். 50 லிட்டருக்குக் குறையாத, அடியில் ஓட்டை தாராளமான தொட்டி, கோடையில் தினம் ஈரம் பார்ப்பது, இரண்டு வருடத்துக்கொரு முறை வேர் நுனி கழித்து மண் மாற்றுவது இவ்வளவும் வேண்டும். நிரந்தரமாகத் தொட்டிதான் என்றால் ஒகாமேயை வாட்டாதீர்கள். ஃபுஜி செர்ரியின் குட்டை வகையான கோஜோ-நோ-மாய் 2 மீட்டரோடு நின்றுகொள்ளும்.

கே: வெட்டிய கிளைகளை ஆட்டுக்குப் போடலாமா?

ப: கூடாது. செர்ரி இலையிலும் இளங்குச்சியிலும் சயனைடு வெளிவிடும் சேர்மம் இருக்கிறது, வாடிய இலையில்தான் ஆபத்து அதிகம். ஆடு, மாடு, குதிரை எதற்கும் எட்டாத இடத்தில் அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். புயலில் முறிந்து வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ச்சல் நிலத்தில் விழுந்த கிளையையும் போய் எடுத்து வந்துவிடுங்கள்.